இருபது கிலோவாட் வெப்பமும் ஒரு சலவை ஆலையும்

கேள்வி: மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சிறிய சலவை ஆலை ஒன்றை நடத்துகிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. 70 டிகிரி சூட்டில் சுமார் 8,000 லிட்டர் வெந்நீர் செலவாகிறது. உலர்த்தியும் இஸ்திரி உருளையும் பாய்லர் நீராவியில் ஓடுகின்றன. ‘குறைந்த ஆற்றல் அணுக்கரு வினை’யால் வெப்பம் தரும் கருவி ஒன்றின் விளம்பரத் தாளை என் மைத்துனர் கொண்டுவந்திருக்கிறார். 20 கிலோவாட் வெப்பம், 100 டிகிரி நீராவி, எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று அதில் போட்டிருக்கிறது. முன்பணம் கட்டினால் சலுகையாம். இதை வைத்து மின்சாரம் தயாரித்து விற்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வெப்பத்தை வெப்பமாகவே வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? கட்டப்போகும் புதிய கூடத்தில் இதற்கு இடம் விட வேண்டுமா?

பதில்: உங்கள் மனம் ஒட்டாமல் போனது சரிதான். மைத்துனரின் யோசனையை முதலில் முடித்துவிட்டு, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் கேட்டதுதான் நல்ல கேள்வி.

அதற்கும் முன்பு, கருவியின் பூர்வீகம். 1989 மார்ச் 23 அன்று, யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள், கனநீரில் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையைக் கொண்ட நீர்) பல்லேடியம் என்ற உலோகத்தாலான மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியபோது கணக்கில் வராத வெப்பம் வெளிவந்ததாகவும், அது அணுக்கருக்கள் இணைவதால் வந்ததாகவும் அறிவித்தார்கள். உங்கள் தாளில் உள்ள ‘குறைந்த ஆற்றல் அணுக்கரு வினை’ அதன் வழிவந்த பெயர்தான். உலகெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்துபார்க்க ஓடின. பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பின. அமெரிக்க எரிசக்தித் துறை 1989-லும் 2004-லும் குழு போட்டு ஆராய்ந்தது. இரண்டு முறையும் சான்று போதவில்லை என்ற முடிவே வந்தது. கூகுள் நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்தக் குழுவுக்கும் அந்த வெப்பம் அகப்படவில்லை. ஆனாலும் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. 2023-ல் புதிய எரிசக்தி ஆய்வுகளுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசின் ஆர்ப்பா-ஈ அமைப்பு எட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. ஆக, இது இன்னும் ஆய்வகத்து விஷயம். வெளியார் சுதந்திரமாகச் சோதித்து உறுதிசெய்து, விற்பனைக்கு வந்த கருவி ஒன்றுகூட இல்லை. முன்பணம் பற்றி என் கருத்தை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு பேச்சுக்கு, தாளில் போட்டிருப்பதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலே பல விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது எத்தனை டிகிரி என்பதைத்தான். கிலோவாட் பிறகு. ஒரு குளம் நிறைய வெதுவெதுப்பான நீரில் எவ்வளவோ வெப்பம் இருக்கிறது. அதில் ஒரு துண்டைக்கூட இஸ்திரி போட முடியாது. 100 டிகிரி வெப்பத்தை எடுத்து, 30 டிகிரி சுற்றுப்புறத்தில் கழிவு வெப்பத்தை விட்டு மின்சாரம் எடுத்தால், இயற்கை விதி அனுமதிக்கும் உச்சவரம்பே 19 சதவீதம்தான். நடைமுறையில் இத்தனை குறைந்த சூட்டில் ஓடும் சிறு இயந்திரங்கள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 8 சதவீதம் கிடைத்தால் நல்ல இயந்திரம். உங்கள் 20 கிலோவாட்டில் அது 1.6 கிலோவாட். ஒரு வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குத்தான் காணும். பம்புக்கும் விசிறிக்கும் போக மிச்சம் இன்னும் குறைவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவி தன் பங்குக்கு 6.7 கிலோவாட் மின்சாரம் கேட்கிறது. 6.7 கொடுத்து 1.6 வாங்கி, அதை விற்பது எப்படி என்று மைத்துனரைக் கேளுங்கள். 8 சதவீத இயந்திரத்தோடு சேர்ந்து தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டுமானால், கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைப் போல் பன்னிரண்டரை மடங்கு வெப்பம் தர வேண்டும். மூன்று மடங்கு எந்த மூலைக்கு?

அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றில் 2006 முதல் வெறும் 74 டிகிரி நீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கே வெந்நீர் பூமிக்குள்ளிருந்து ஓயாமல் வருகிறது; குளிர்விக்க உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் தண்ணீர் கிடைக்கிறது; மின்கம்பி வராத காடு என்பதால் டீசல் ஜெனரேட்டரை நிறுத்துவதே பெரிய லாபம். உங்களுக்கு இந்த மூன்றும் இல்லை.

இனி உங்கள் கேள்வி.

பால்டுர் லிண்டால் என்று ஐஸ்லாந்தில் ஒரு பொறியாளர் இருந்தார். பூமிவெப்பத்தை எந்தச் சூட்டில் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1973-ல் அவர் ஏணி போல ஒரே படத்தில் வரைந்து காட்டினார். கீழ்ப்படியில் 20 டிகிரியில் மீன் வளர்ப்பு. ஏற ஏறப் பசுமைக்குடில், வீட்டைச் சூடேற்றுதல், 100 டிகிரிக்கு அருகில் காய்கறி, கடற்பாசி, புல் உலர்த்துதல், கம்பளி வெளுத்தல். அதற்கும் மேலே டப்பாவில் அடைக்கும் தொழில், காகிதக்கூழ். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அந்த ஏணிக்குக் கவலையில்லை. பூமியோ, விறகோ, அணுவோ, 90 டிகிரி நீர் 90 டிகிரி நீர்தான். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதன் நகல் ஒன்று பல வருடங்களாக மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

அந்த ஏணியில் உங்கள் ஆலை மூன்று படிகளில் நிற்கிறது. இதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே பாய்லர்தான் சோறு போடுகிறது.

முதல் படி, வெளுக்கும் நீர். மருத்துவமனைத் துணியில் கிருமி சாக, பிரிட்டனின் விதிப்படி 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் போதும். இந்த 70 டிகிரிக்காக பாய்லரில் 170 டிகிரி நீராவி தயாரித்து, அதைத் தண்ணீரில் விட்டுச் சூடாக்குகிறீர்கள். எல்லா ஆலைகளிலும் நடப்பதுதான். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இந்தப் படிக்கு 100 டிகிரி வெப்பம் தாராளம்.

கணக்கைப் பாருங்கள். 8,000 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 70-க்கு ஏற்ற ஏறத்தாழ 420 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். எட்டு மணி நேரத்துக்குள் சுடச்சுடத் தயாரிக்க வேண்டுமானால் 52 கிலோவாட் தேவை. 20 கிலோவாட் கருவி பாதிகூடத் தாங்காது. ஆனால் அதையே இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட்டால் சராசரியாக 17.4 கிலோவாட் போதும். இரவில் சேர்த்துப் பகலில் செலவழிக்க வேண்டியதுதான். 6,000 லிட்டர் பிடிக்கும், நன்றாகக் காப்புறை போட்ட தொட்டி ஒன்று இருந்தால் உங்கள் முழு வெந்நீர்த் தேவையும் அந்தச் சிறு கருவியில் தீர்ந்துவிடும். மின்சாரமாக மாற்றினால் ஓர் இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் காணும் அதே 20 கிலோவாட்தான் இது.

தொட்டியைச் சும்மா வாங்கி வைக்காதீர்கள்; உயரமாக, ஒல்லியாக இருக்கட்டும். வெந்நீர் மேலே மிதக்கும், குளிர்ந்த நீர் கீழே தங்கும். அகலத் தொட்டியில் இரண்டும் கலந்து, கடைசியில் எல்லாம் வெதுவெதுப்பாகி யாருக்கும் பயனில்லாமல் போகும். மேலே நிற்கும் வெந்நீரின் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே விடவும் கூடாது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில்தான் செழித்து வளரும். மருத்துவமனைக்குத் துணி கொடுப்பவர் அதற்கு இடம் கொடுக்கலாகாது.

இரண்டாம் படி, உலர்த்தி. அங்கே காற்று 130 டிகிரி அளவில் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், 100 டிகிரி வெப்பத்தால் அதை 80 வரை கொண்டுபோகலாம். மீதியை நீராவி பார்த்துக்கொள்ளும். பாதி வேலை குறையும். ஆனால் உங்கள் 20 கிலோவாட்டும் வெந்நீருக்கே சரியாகப் போய்விடுவதால் இதற்கு மிச்சம் இருக்காது. இரண்டாவது கருவி வந்தால் பார்க்கலாம், முதல் கருவி வந்த பிறகு.

மூன்றாம் படி, இஸ்திரி உருளை. அதற்கு 170 டிகிரி வேண்டும். 100 டிகிரி வெப்பம் ஆயிரம் கிலோவாட் இருந்தாலும் அங்கே ஏறாது. வெப்பம் மேட்டை நோக்கித் தானாக ஓடுவதில்லை. செய்யக்கூடியது, பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே 90 டிகிரிக்குச் சூடாக்குவது. எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். உருளையிலிருந்து வரும் கொதிநீரை ஏற்கெனவே பாய்லருக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் அந்த லாபமும் இல்லை. அனுப்பவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அதற்கு ஒரு குழாய் போடுங்கள்.

வேறு தொழில் செய்பவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் சொல்வேன். மரம் உலர்த்துபவருக்கும் மூலிகை உலர்த்துபவருக்கும் இந்தச் சூடு அல்வா மாதிரி. கடல்நீரைக் குடிநீராக்கும் பல அடுக்கு ஆவியாக்கிகள் 70 டிகிரிக்கு உள்ளேயே வேலை செய்கின்றன. வெப்பத்தைக் கொண்டு குளிரும் தயாரிக்கலாம்: லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் ஓடும் குளிரூட்டி, 90 டிகிரியில் 20 கிலோவாட் கொடுத்தால் 14 கிலோவாட் குளிர்ச்சி தரும். ஆனால் 34 கிலோவாட் வெப்பத்தை வெளியே கொட்ட ஒரு குளிர்விப்புக் கோபுரம் கேட்கும். சலவை ஆலையில் அதற்கு வேலையில்லை. சேனா ஊற்றில் அதே வெந்நீரைக் கொண்டு ஒரு பனிக்கட்டிக் காட்சியகத்தைக் கோடையிலும் உருகாமல் காக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

அணு வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்துவது என்பதே புதிய யோசனை இல்லை. ஸ்வீடனின் ஓகெஸ்டா அணுஉலை 1964 முதல் பத்து ஆண்டுகள் ஸ்டாக்ஹோமின் ஃபார்ஸ்டா புறநகரில் வீடுகளைச் சூடாக்கியது. காஸ்பியன் கரையில் அக்தாவ் நகருக்கு 1973 முதல் ஓர் அணுஉலையின் வெப்பம் கடல்நீரைக் குடிநீராக்கிக் கொடுத்தது. வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரண்டு இடத்திலும் பக்கத்திலேயே ஆள் இருந்தார். அது இல்லாத இடத்தில் வெப்பம் வெறும் சுமை.

சுமை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தத் தாளில் கருவியை எப்படி நிறுத்துவது என்று ஏதாவது இருக்கிறதா? பாய்லரில் எரிபொருளை அடைத்தால் நெருப்பு அணையும். இது நிற்குமா, நிற்க எத்தனை நேரம் ஆகும்? உங்கள் 6,000 லிட்டர் தொட்டி 20 கிலோவாட்டில் பதினாறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். விடுமுறை நாளில் அதன் பிறகு வெப்பம் எங்கே போகும்? உடனே நிறுத்த முடியாத எந்த வெப்பமூலத்துக்கும், அதன் முழு வெப்பத்தையும் காற்றில் கொட்டும் ரேடியேட்டர் ஒன்று கட்டாயம். அதன் செலவு தாளில் இருக்காது.

இனிச் சொல்லப்போவதுதான் மைத்துனருக்குக் கசக்கும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் கருவி இன்றைக்கே கடையில் இருக்கிறது. பெயர் வெப்ப பம்ப். அதில் அணுவும் இல்லை, மர்மமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டது போன்ற யந்திரம். உங்கள் ஆலையில் துணி வெளுத்த நீர் 40 டிகிரி சூட்டோடு சாக்கடைக்குப் போகிறது அல்லவா? அந்த வெப்பத்தை உறிஞ்சி 70 டிகிரி வெந்நீராக்க, ஒரு கிலோவாட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு கிலோவாட் வெப்பம் வரும். அதற்கும் முன்பாக, அதே கழிவுநீரை ஒரு வெப்பமாற்றி வழியாக விட்டு, உள்ளே வரும் தண்ணீரை 25-லிருந்து 35-க்கு ஏற்றினாலே வெந்நீர்ச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். நூல் பிசிறு அடைக்காத, கழற்றிக் கழுவக்கூடிய மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் அது துணி உருண்டையாகிவிடும்.

ஆக, அந்தப் புதிய கருவி தாளில் சொன்னபடியே வேலை செய்தாலும், வெப்ப பம்போடு போட்டி போட்டு ஜெயிக்காது. பத்து மடங்கு தருகிறது, அல்லது 200 டிகிரிக்கு மேல் தருகிறது என்றால் பேச்சே வேறு. உங்கள் இஸ்திரி உருளைக்கு அப்போது விடிவுகாலம் வரும்.

செயல்விளக்கம் பார்க்க அழைத்தால் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். பல வருடங்களுக்கு முன் வேறொரு ‘அதிசயச் சூடேற்றி’யைச் சோதிக்க என்னை அழைத்திருந்தார்கள். வெளியேறும் குழாயில் தெர்மாமீட்டர் 100 காட்டியது. குழாய் சுவருக்குப் பின்னால் சாக்கடைக்குள் போனது. உள்ளே போகும் நீரெல்லாம் நீராவி ஆகிறது என்றார்கள். குழாயின் நுனியைத் தூக்கி ஒரு வாளியில் விடச் சொன்னேன். நீராவியோடு வாளியில் வெந்நீரும் கொட்டியது. கூட்டத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் யாரும் அழைக்கவில்லை.

சூட்சுமம் இதுதான். ஒரு கிலோ நீரை 25-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 314 கிலோஜூல் போதும். அந்த 100 டிகிரி நீரை 100 டிகிரி நீராவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். உங்கள் கருவிக்கு மணிக்கு 28 லிட்டர் நீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஆவியானால் 20 கிலோவாட். கருவிக்குள் மின்சாரச் சூடேற்றிக் கம்பியைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், 6.7 கிலோவாட்டில் சுமார் கால்பங்கு ஆவியாகும். கால்பங்கு நீராவியே குழாயை அடைத்துக்கொண்டு புஸ்ஸென்று வரும்; பார்க்கிறவருக்கு எல்லாம் ஆவிதான்.

பிரித்தறிய ஒரு பீப்பாய் போதும். காப்புறை சுற்றிய பீப்பாயில் 25 டிகிரி நீர் 150 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குழாயை அதன் அடியில் விட்டு, சரியாகப் பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கலக்கி, சூட்டைப் பாருங்கள். சொன்னது உண்மையானால் 18 டிகிரி ஏறியிருக்கும். வெறும் சூடேற்றி என்றால் 6 டிகிரி. கருவிக்குப் போகும் மின்சாரத்தை உங்கள் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். அலைவடிவம் எப்படியிருந்தாலும் சரியாக அளக்கும் மீட்டராக இருக்கட்டும். கருவியைப் பல மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளவு எடுங்கள். உலோகத்தில் முன்பே சேர்த்துவைத்த சூடு பத்து நிமிடம் நன்றாக நாடகமாடும். பீப்பாய் வைக்க விடமாட்டோம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

பாதுகாப்பு. இத்தகைய கருவிகள் பலவற்றில் நிக்கல் தூளும் ஹைட்ரஜனும் இருப்பதாகச் சொல்கிறார்கள். நிக்கல் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, புற்றுநோய் தரக்கூடியது. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். எனவே கருவியைத் தொட்டு வரும் நீர் உங்கள் துணியைத் தொடக் கூடாது. நடுவில் தனிச் சுற்று ஒன்றும் வெப்பமாற்றியும் இருக்க வேண்டும். பாய்லர் ஆய்வாளரும் காப்பீட்டுக்காரரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எதையும் கூடத்துக்குள் ஏற்றாதீர்கள். அணு என்ற சொல்லைக் கேட்டதும் காப்பீட்டுக்காரர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவாவது ஒருமுறை கேட்டுவையுங்கள்.

இடம் விட வேண்டுமா என்றால், விடுங்கள், ஆனால் அந்தக் கருவிக்காக அல்ல. புதிய கூடத்தில் உயரமான தொட்டிக்கு அடித்தளம் போடுங்கள். 6,000 லிட்டர் என்றால் நீர் மட்டுமே ஆறு டன், தரை தாங்க வேண்டும். கழிவுநீர் வெப்பமாற்றியை இப்போதே பொருத்துங்கள். வெந்நீர்க் குழாய்களையும் நீராவிக் குழாய்களையும் இரண்டு தனி அமைப்பாகப் பிரித்துவிடுங்கள். இதுவரை இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் உங்கள் பெரிய நஷ்டம். தொட்டியின் அடியில் ஒன்று, உச்சியில் ஒன்றாக, வால்வு வைத்து மூடிய இரண்டு குழாய் முனைகளை உபரியாக விட்டுவையுங்கள். அருகே இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றுத் தரையும், வெளிச்சுவரில் காற்றோட்டத் திறப்பும், தனி மின்மீட்டரும் இருக்கட்டும். நாளைக்கு அங்கே வெப்ப பம்ப் வரலாம், சூரியத் தகடு வரலாம், பக்கத்து ஆலையின் கழிவு வெப்பம் வரலாம். மைத்துனரின் கருவி பீப்பாய்ச் சோதனையில் தேறினால், அதையும் அந்த இரண்டு முனைகளிலேயே மாட்டிக்கொள்ளலாம். சோதனைக்குப் போகும்போது மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 150 கிலோ தண்ணீர் தூக்க ஆள் வேண்டும்.